யாரும் வாழாத வருஷம்

லின்சிக்கு என்ன வேலை என்று கீழ்வேளூரில் யார் கேட்டாலும் அவள் அப்பா பெரியநாயகசாமி, "மெட்ராஸ்ல வெயிலுக்குக் கணக்குப் போடுறா" என்பார். கேட்டவர்கள் வானிலை ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டு மழை எப்போது என்று விசாரிப்பார்கள். அவர் விடமாட்டார். சவூதியில், தம்மாமில் பாதி ஆயுளை ஏசி மெக்கானிக்காகக் கழித்துவிட்டுத் திரும்பியவர். "மழை இல்லைங்க. ஒரு கட்டடம் கட்டப்போறாங்கன்னா, உள்ள எவ்வளவு சூடு இருக்கும், கரண்டு எவ்வளவு இழுக்கும்னு முன்கூட்டியே கம்ப்யூட்டர்ல சொல்லிடுவா. நான் கட்டி முடிச்ச கட்டடத்துல வேர்த்து வழிஞ்சு கண்டுபிடிச்சத அவ கட்டாமலே கண்டுபிடிச்சிருவா" என்று விளக்கி முடித்துவிட்டுத்தான் நகருவார்.

அவர் சொன்னது ஏறக்குறைய சரி. தஞ்சாவூரில் சிவில் படித்துவிட்டு லின்சி சென்னைக்குப் போன சமயம், வெளிநாட்டு வேலையெல்லாம் கம்பி வழியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் ஆல்பின் வேலையைத் தேடி மெல்போர்னுக்கு விமானம் ஏறினான். வேலை லின்சியைத் தேடி வந்தது. அவளைச் சேர்த்துக்கொண்ட நிறுவனத்தை நடத்தியவர் பரணிதரன், திருவிடைமருதூர்க்காரர். ஊர்ப் பக்கத்துப் பெண் என்று அவளிடம் கொஞ்சம் கூடுதல் பிரியமாகவே இருந்தார்.

அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வானிலைக் கோப்பு இருந்தது. வருஷத்தின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரி: வெயில், ஈரம், காற்று, மேகம். அது எந்த வருஷம் என்று லின்சி சேர்ந்த புதிதில் கேட்டதற்குப் பரணிதரன் சிரித்தார். பழைய பதிவுகளிலிருந்து ரொம்பச் சூடும் இல்லாத ரொம்பக் குளிரும் இல்லாத ஒரு ஜனவரியைப் பொறுக்கி, வேறொரு வருஷத்துப் பிப்ரவரியை அதோடு ஒட்டி, இப்படிப் பன்னிரண்டு மாதத்தையும் கோத்துச் செய்த சராசரி வருஷம் அது. யாரும் வாழாத வருஷம். கட்டடங்களை அதற்குள் நிறுத்தித்தான் சோதிப்பார்கள்.

சில வருஷங்களில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அது போதாமல் போயிற்று. பூமி சூடாகிக்கொண்டு வருகிறது, கட்டடமோ பல காலம் நிற்கப்போகிறது, ஆகவே இரண்டாயிரத்து ஐம்பதின் வெயிலில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். லின்சி பழைய கோப்பை எடுத்து, பருவநிலை ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த அளவுப்படி ஒவ்வொரு மாதத்தையும் கொஞ்சம் தூக்கியும் கொஞ்சம் இழுத்தும் வருங்காலக் கோப்புகளைச் செய்தாள். கை தேர்ந்துவிட்டது. தான் கால் வைத்திராத பர்மிங்காமில், இன்னும் பிறக்காத ஒரு ஜூலை மாதத்தின் மத்தியானம் எப்படிப் புழுங்கும் என்று அவளுக்குத் தெரியும். கீழ்வேளூருக்கு அப்படி ஒரு கோப்பை யாரும் கேட்டதில்லை.

பழைய ஐந்நூறு ரூபாய் செல்லாது என்று அறிவித்த வருஷக் கடைசியில் வீரையன் வந்தார். கீழ்வேளூர்ப் பக்கத்து நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. சிங்கப்பூரில் கட்டட ஒப்பந்தங்கள் எடுத்துப் பெரிய ஆளானவர். அப்பா விட்டுப்போன நஞ்சையில் மண்ணடித்து மேடாக்கி, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கென்று 'செந்நெல் இல்லம்' கட்டப்போகிறார். மூன்று மாடி. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பசுமைக் கட்டடம் என்று சான்றிதழும் வேண்டும். அதற்கான கணக்கு லின்சி மேசைக்கு வந்தது.

வரைபடத்தைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சுருங்கியது. தங்குபவர்களின் அறைகளுக்கு ஏசி கிடையாது. பகலில் எல்லாவற்றையும் அடைத்து வைத்துவிட்டு, இரவில் பெரிய விசிறிகள் குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்துச் சுவர்களை ஆற்றிவிடும் என்பது ஏற்பாடு. ஜன்னல்கள் சின்னவை, உயரத்தில் இருந்தன. அலுவலகத்துக்கும், பிள்ளைகள் ஊருக்கு வந்தால் தங்குகிற விருந்தினர் பகுதிக்கும் மட்டும் ஏசி.

சான்றிதழுக்கு ஒத்துக்கொள்ளும் கோப்புகளின் பட்டியலில் கீழ்வேளூருக்குப் பக்கத்து ஊர் என்று கிடைத்தது திருச்சிதான். திருச்சிக் கோப்பைப் போட்டால் கட்டடம் அழகாகத் தேறியது. அங்கே இரவுக் காற்றில் ஈரம் குறைவு. லின்சி பிறந்து வளர்ந்த ஊரிலோ கோடையில் சாயங்காலம் கடல்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு அப்படியே நின்றுபோகும். விடிய விடிய உடம்பில் வேர்வை காயாது. போதாததற்கு, அந்தக் கோப்பிலிருந்த மாதங்களெல்லாம் அவள் பள்ளிக்கூடம் போன காலத்து மாதங்கள். அதற்குப் பிறகு ஏறிய சூடு எதுவும் அதில் இல்லை.

உடம்புக்குத் தெரிந்தால் போதாது, எண்ணாக வேண்டும் என்று அவள் சூடும் ஈரமும் பதிகிற ஒரு கருவியை வாங்கி, அப்பா வீட்டுக் கொல்லையில் கம்பம் நட்டுப் பொருத்தினாள். வெள்ளைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்தாற்போல் இருக்கும். அக்கம்பக்கத்தார் புறாக்கூடா என்று கேட்டார்கள். பெரியநாயகசாமி ஈரத்துணியால் அதைத் துடைத்து, ஓணான் ஏறாமல் பார்த்துக்கொண்டார். ஒரு கோடை முழுக்கப் பதிந்ததைப் பார்த்தபோது லின்சிக்கே திக்கென்றது. திருச்சிக் கோப்பு குளிர்ந்த காற்று என்று சொன்ன அநேக இரவுகளில், இங்கே விசிறியைப் போட்டால் வெந்நீர் ஆவியைத்தான் உள்ளே இழுக்கும். அந்த எண்களைப் போட்டு ஓட்டியதில் மேல்மாடி மேற்குப் பக்கத்து அறைகள் மே மாதத்தில் விடியும்வரை ஆறவே இல்லை.

பரணிதரன் பொறுமையாகக் கேட்டார்.

"நானும் அந்தப் பக்கந்தானேம்மா. அந்தப் புழுக்கம் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சொல்லலாமில்ல சார், ரூமுக்கு ஏசி வேணும், இல்லன்னா ஜன்னலயாவது பெருசாக்கணும்னு?"

"எதை வச்சுச் சொல்றது? உங்க வீட்டுக் கொல்லையில ஒரு கோடைக்கு எடுத்தத எவன் ஒத்துப்பான்? சான்றிதழ் குடுக்கறவங்களுக்குப் பட்டியல்ல இருக்கிற ஃபைல் போதும். பர்மிங்காம்காரன் கேட்டான், ரெண்டாயிரத்து அம்பதுக்குச் செஞ்சு குடுத்தோம். இவரு கேக்கல."

"இருக்கப்போறது வயசானவங்க சார்."

"நம்ம அப்பன் பாட்டனெல்லாம் ஏசியிலயா இருந்தாங்க?"

அதற்கு மேல் அவள் பேசியது எடுபடவில்லை. அந்த வேலையிலிருந்து அவளை நைசாக விலக்கி, தோஹாவில் ஒரு ஓட்டலைக் கொடுத்தார். அறிக்கை திருச்சிக் கோப்போடு போயிற்று. முதல் பக்கத்தில் தயாரித்தவர் என்ற இடத்தில் லின்சி பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. யாரும் அதை மாற்றவில்லை. அவளும் மாற்றச் சொல்லிச் சண்டை பிடிக்கவில்லை.

கட்டடம் கடைசிப் பூச்சு வேலையில் இருந்தபோது கஜா புயல் வந்தது. வேதாரண்யம் பக்கம் தென்னை ஒன்று மிச்சமில்லை. கீழ்வேளூரில் பெரியநாயகசாமி வீட்டுக் கூரை ஓட்டோடு போயிற்று. கொல்லையிலிருந்த கம்பமும் கருவியும் எந்த வயலில் புதைந்ததோ தெரியவில்லை. மெல்போர்னிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருந்த பிள்ளைகள், பெற்றோரின் போன் நாள்கணக்கில் கிடைக்காமல் பைத்தியம் பிடித்தாற்போல் ஆனார்கள். அந்தப் பயத்தில் செந்நெல் இல்லத்தின் அறைகள் மளமளவென்று நிரம்பின. புயலில் ஒரு கீறல்கூட விழாத கட்டடம் என்று விளம்பரம் வந்தது. அது பொய்யில்லை.

ஆல்பின் தங்கையைக் கேட்காமலே அப்பாவுக்கு அறை எடுத்துவிட்டான்.

"வேணாம்ண்ணே. வெயில் காலத்துல அந்தக் கட்டடத்துல இருக்க முடியாது" என்றாள் லின்சி.

"நீதானே கணக்குப் போட்டே? உன் பேரு போட்டிருக்குன்னு அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. சரி, வேணாம். நீ கூட்டிட்டுப் போய் வச்சுக்கறியா?"

வேளச்சேரியில் அவளுக்கு இருந்தது இரண்டே படுக்கை அறை. மாமனார் மாமியார் ஒன்றில், அவளும் புருஷனும் மகளும் ஒன்றில்.

உண்மையில் பெரியநாயகசாமியைக் கட்டாயப்படுத்தவே வேண்டியிருக்கவில்லை. வரவேற்பறையில் சான்றிதழோடு சேர்த்து அறிக்கையின் முதல் பக்கத்தையும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். மகள் பெயரை அங்கே பார்த்த அன்றே அவர் மனசுக்குள் குடியேறிவிட்டார். "எம்பொண்ணு கணக்குப் போட்ட கட்டடம். நான் இருக்காம யாரு இருப்பா?" என்று மரித்த மனைவியின் அக்கா செபஸ்தியம்மாளையும் சேர்த்துக் கூட்டிப்போனார். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். டொராண்டோவில் ஒரே மகன்.

அப்பாவின் குரலில் இருந்த சந்தோஷத்தை உடைக்க லின்சிக்கு மனசு வரவில்லை. "மேல்மாடி மட்டும் வேணாம்ப்பா. கீழயே எடுத்துக்குங்க" என்றாள். முட்டி வலிக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு அவர் தரைத்தளத்தில் கிழக்கு அறையைக் கேட்டு வாங்கினார். செபஸ்தியம்மாளுக்கு மூன்றாவது மாடியில் மேற்குப் பக்கம் பிடித்துப்போயிற்று. அங்கிருந்து பார்த்தால் பச்சை வயலுக்கு அப்பால் மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. லின்சிக்கு அது தெரியவந்தபோது பெரியம்மா திரைச்சீலையெல்லாம் தைத்துப் போட்டாகிவிட்டது. தைப் பனிக்காலம், அறை ஜில்லென்று இருக்கிறது என்று போனில் சொன்னாள். கோடைக்குள் மாற்றச் சொல்லலாம் என்று லின்சி நினைத்துக்கொண்டாள்.

கோடையும் வந்தது. ஏப்ரல் பாதியிலேயே மேல்மாடிக்காரர்கள் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு வராந்தாவில் உட்கார ஆரம்பித்தார்கள். மே மாதம் அந்தப் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. மாற்றுவதற்கு நாளாகும் என்றார்கள். இல்லத்தில் ஜெனரேட்டர் இருந்தது. அது லிஃப்டுக்கும் அலுவலகத்துக்கும் விருந்தினர் பகுதிக்கும்தான் இணைக்கப்பட்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் பெரியநாயகசாமி செபஸ்தியம்மாளைப் பார்க்க மேலே போனார். அவள் கட்டிலில் படுத்திருந்தாள். பேச்சு குழறியது. சுவரில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"கீழ என் ரூமுக்கு வந்துடுங்க அண்ணி."

"ஆம்பள ரூமுல வந்து படுக்கறதா? சும்மாருங்க தம்பி. வேர்த்துச்சுன்னா நல்லதுதான்."

அவர் நேரே மேலாளர் அம்மாவிடம் போனார்.

"விருந்தாளி ரூமு நிறையக் காலியாத்தானேம்மா கிடக்கு? மாடியில இருக்கறவங்களை ராத்திரி மட்டும் அங்க படுக்க விடுங்க."

"கோடை விழாவுக்குப் பிள்ளைங்க எல்லாம் வர்றாங்கய்யா. பெட்ஷீட் மாத்திச் சாம்பிராணி போட்டு வச்சாச்சு. இப்பத் தொறந்துவிட்டா மறுபடி யாரு சுத்தம் பண்றது?"

"சுத்தம் நான் பண்றேன்."

"ஓனர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்யா."

அவர் அங்கேயே நின்று லின்சிக்குப் போன் போட்டார். அவள் அலுவலகத்திலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, ராத்திரி காத்து வந்து ரூமெல்லாம் குளுந்துடும்னு ரிசப்ஷன்ல போட்டிருக்கே, அது எப்ப வரும்?"

"வராதுப்பா."

"வராதா?"

"நம்ம ஊர்ல வராதுப்பா. அது திருச்சிக் கணக்கு."

"பின்ன ஏன் எழுதினே?"

"நான் எழுதலப்பா."

"உன் பேரு போட்டிருக்கே" என்றார் பெரியநாயகசாமி. பெரியம்மாவை எப்படியாவது கீழே இறக்கி நிறையத் தண்ணீர் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று அவள் சொன்னாள். அவர் மறுபடி மாடி ஏறிப் போய்க் கெஞ்சினார். செபஸ்தியம்மாள் ரெண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, தூக்கம் வருகிறது, காலையில் பார்க்கலாம் என்றாள்.

காலையில் டீ கொடுக்கப் போன பெண் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிட்டாள். வந்த டாக்டர் வயசையும் இதயத்தையும் காரணமாக எழுதினார். வெயில் என்று எந்த இடத்திலும் எழுதவில்லை.

டொராண்டோ மகனுக்கு உடனே டிக்கெட் கிடைக்கவில்லை. கல்லறையில் யாரோ ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்க, அவன் அதற்குள்ளிருந்து அழுதான். மண் போட்டுவிட்டு வெளியே வரும்போது பெரியநாயகசாமி மகள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"மேல்மாடி வேணாம்னு எனக்கு மட்டும் சொன்னே, இல்ல?"

அவர் முன்னால் நடந்துவிட்டார்.

கோடை விழாவுக்காக வந்திருந்த வீரையன் துக்கத்துக்கும் வந்திருந்தார். லின்சி அவரை இல்லத்து வாசலிலேயே நிறுத்தினாள். மேல்மாடி கோடையில் மனுஷர் இருக்கத் தக்கதில்லை, இனி வருகிற கோடைகள் இதைவிட மோசமாகத்தான் இருக்கும், ஆட்களை இறக்குங்கள் என்று படபடவென்று சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கண் கலங்கித்தான் கேட்டார்.

"லாபத்துக்கா நான் இதக் கட்டினேன்? எங்க அம்மாவும் இங்கதாம்மா இருக்காங்க."

"எந்த ரூம்ல சார்?"

வீரையன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அவங்களுக்கு ஆஸ்துமா. விருந்தாளி பக்கம் வச்சிருக்கோம்."

லின்சி சென்னைக்குப் போகிற பஸ்ஸிலேயே எழுதினாள். இல்லத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஆல்பின் அவளையும் அதில் சேர்த்திருந்தான். கணக்கு எந்த ஊர்க் காற்றை வைத்துப் போடப்பட்டது, கீழ்வேளூர்க் காற்று எப்படி வேறு, எந்தெந்த அறைகள் ஆபத்து என்று சாதாரணத் தமிழில் எழுதி, அறிக்கையில் இருக்கும் பெயர் என்னுடையதுதான் என்றும் சேர்த்து அனுப்பினாள். நிறையப் பேர் கைகூப்பினார்கள். சிலர் இந்தமாதிரி பீதியைக் கிளப்பாதீர்கள், லீவு கிடைக்காத நேரம் என்றார்கள். டொராண்டோ மகன் குழுவை விட்டு வெளியேறினான். அடுத்த வாரம் வீரையன் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் பரணிதரனுக்குப் போயிற்று.

"உன் பேர்ல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா. ஆனா இனிமே உன்ன வச்சுக்கிட்டு நான் தொழில் பண்ண முடியாது" என்று அவர் கதவுவரை வந்து வழியனுப்பினார்.

அவள் எழுதியதற்கு ஒரு பலன் இருந்தது. வசதியுள்ள பிள்ளைகள் தங்கள் பெற்றோர் அறைக்குச் சொந்தச் செலவில் ஏசி போட்டுக்கொள்ளலாம் என்று இல்லம் அனுமதித்தது. மூன்றாவது மாடியில் பாதிப் பேர் போட்டுக்கொண்டார்கள். ஏசியின் வெளிப்பெட்டிகளைத் தெருப்பக்கம் மாட்டினால் முகப்பு கெடும் என்று உள் வராந்தாவில் வரிசையாக மாட்டினார்கள். அவை கக்கிய அனல் நேரே ஏசி இல்லாதவர்களின் ஜன்னல் வழியே போயிற்று. ஒரு பெட்டியில் தண்ணீர் ஒழுகியபோது மேலாளர் அம்மா பெரியநாயகசாமியிடம், "நீங்க இதுல அனுபவஸ்தராச்சே, கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்" என்றாள். அவர் மேலே போய் அந்த வராந்தாவின் நடுவில் நின்றார். தம்மாமில் ஒப்பந்தக்காரன்கூட இப்படி மாட்டச் சொன்னதில்லை. கீழே வந்து பையைக் கட்டினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நாகப்பட்டினம் பஸ் ஏறி, அங்கிருந்து சென்னைக்கு மாறி, வேளச்சேரி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அன்றிலிருந்து அவர் சம்பந்திகளும் இருக்கிற அந்த வீட்டு ஹாலில் படுத்துக்கொள்கிறார். விருந்தாளி வந்தால் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் பார்க்குக்குப் போய்விடுவார். லின்சி வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே துண்டு துண்டாக வேலை செய்கிறாள். மகள் என்ன செய்கிறாள் என்று பார்க்கில் யாராவது கேட்டால் பெரியநாயகசாமி, "கம்ப்யூட்டர் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

நோய்க்காலம் போய் எல்லாம் சகஜமானதும் செந்நெல் இல்லம் இரண்டாவது கட்டடத்துக்கு விளம்பரம் செய்தது. 2050-ன் வெயிலையும் கணித்துக் கட்டப்படும் டெல்டாவின் முதல் மூத்தோர் இல்லம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கணக்கு பரணிதரன் நிறுவனம். ஆல்பின் அதன் விவரத்தையெல்லாம் லின்சிக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான். அவள் புரட்டிப் பார்த்து முடித்திருந்தாள். அதே திருச்சிக் கோப்பு. ஒவ்வொரு மாதத்தையும் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தார்கள். அந்த வேலையைச் செய்யும் முறையை அந்த அலுவலகத்துக்குப் பழக்கிவிட்டவள் அவள்தான்.

"எப்படி இருக்கு? நானும் உங்க அண்ணியும் ஒண்ணு புக் பண்ணிட்டோம்" என்றான் ஆல்பின்.

"அதே ஃபைல்தாண்ணே. ஈரத்த விட்டுட்டாங்க."

"இந்தத் தடவ எல்லா ரூமுக்கும் ஏசி இருக்கே?"

"கரண்டு போனா?"

"நீ எப்பவும் இப்படித்தான் பேசுவே. நாங்க வர்றதுக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்கு. அதுக்குள்ள எல்லாம் சரியாயிடும்."

லின்சி போனை வைத்தாள். சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்த பெரியநாயகசாமி தலையைத் தூக்கினார்.

"யாரு, ஆல்பினா? என்னவாம்?"

"ஊருக்கே வந்துடப் போறானாம்ப்பா."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "எப்ப?"

"வயசானப்புறம்" என்றாள் லின்சி.